மடுத் திருவிழாவும் வண்டி விடும் இடமும்

மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறவர்களை அதிகம் கவலைப்படுத்துவது இரண்டு விடயங்கள். வண்டியை எங்கே விடுவது, பூசை முடிந்ததும் எப்படி வெளியேறுவது. ஓகஸ்ட் 15ஆம் திகதித் திருப்பலிக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். வடக்கிலிருந்து தமிழர்களும், நீர்கொழும்பு, சிலாபம் போன்ற மேற்குக் கரை ஊர்களிலிருந்து சிங்களக் கத்தோலிக்கரும், வேறு சமயத்தவரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. உலகில் பெரிய விளையாட்டு மைதானங்களைச் சுற்றி ஆட்ட நாட்களில் உண்டாகும் நெரிசல் எப்படிப்பட்டதோ, மடுவில் உண்டாவதும் அடிப்படையில் அப்படிப்பட்டதே. ஆனால் மைதானம் நகரத்துக்குள் இருக்கும். அதற்குப் பல தெருக்கள் இருக்கும். மடுவோ காட்டுக்குள் இருக்கிறது.

இடத்தின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். மதவாச்சியில் தொடங்கி மன்னார் வழியாகத் தலைமன்னாருக்குப் போகும் ஏ–14 வீதிதான் இந்தப் பகுதியின் முதுகெலும்பு. கொழும்பு, புத்தளம், அநுராதபுரம் பக்கமிருந்து வருவோர் மதவாச்சியில் இந்த வீதியைப் பிடிக்கிறார்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்தார் பலர் வவுனியாவிலிருந்து ஏ–30 வீதியால் வந்து பறயனாலங்குளத்தில் அதே வீதியில் ஏறுகிறார்கள். ஆக, தெற்கின் கூட்டமும் வடக்கின் கூட்டமும் மடுச் சந்திக்கு வருமுன்னரே ஒன்றாகிவிடுகின்றன. சந்தியிலிருந்து மாதா கோயில் பத்துக் கிலோமீற்றருக்கும் மேல் வடகிழக்கே, காட்டுக்குள். கோயிலுக்கு வடக்கே பாலம்பிட்டிப் பக்கம் போகும் பாதை ஒன்று உண்டென்றாலும் வெளியூரார் பெரும்பாலும் நம்பியிருப்பது சந்தியிலிருந்து போகும் வீதியையே.

சந்தியிலேயே முதற் சிக்கல் ஆரம்பமாகிறது. இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன. மதவாச்சிப் பக்கமிருந்து வருகிற வண்டி கோயில் வீதிக்குள் நுழைய வலப்பக்கம் திரும்ப வேண்டும். அதாவது மன்னாரிலிருந்து எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டும். வருகிறவர்களில் பெரும்பகுதியினர் இந்தத் திசையிலிருந்தே வருவதால், ஒரு பஸ் திரும்பக் காத்துநின்றால் அதன் பின்னால் நிற்கும் வரிசை சில நிமிடங்களில் நீண்டுவிடும். பொலிஸார் நடுவே நின்று கை காட்டாவிட்டால் அந்த வரிசை தானாகக் கலையாது. திரும்பிப் போகும்போது நிலைமை வேறு. தெற்கே போகிறவருக்கு இடப்பக்கத் திருப்பம் என்பதால் அது எளிது. மன்னாருக்குப் போகிறவர்தான் அப்போது குறுக்கே கடக்கக் காத்திருக்க வேண்டும்.

இந்தக் கோயிலுக்கு மக்கள் வந்துசேர்ந்த விதம் காலத்துக்குக் காலம் மாறியது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய 1670 அளவில், மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்த குடும்பங்களால் உண்டானது மருதமடு. ஒளித்து வைக்கத் தேர்ந்த இடம் அது. எளிதில் போய்ச்சேர முடியாமை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. நெடுங்காலம் யாத்திரிகர்கள் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் வந்தார்கள். 1914இல் தலைமன்னார் வரை ரயில் ஓடத் தொடங்கியபோது மடு றோட் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் அமைந்தது. 1924 ஜூலை 2ஆம் திகதி மாதா சொரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. அந்த நாளே ஆடித் திருவிழாவாக இன்றும் நடக்கிறது.

மாட்டு வண்டிக் காலத்தில் நெரிசல் என்ற பேச்சே எழாததற்குக் காரணம் வண்டிகள் குறைவாக இருந்தது மட்டுமல்ல. பல நாள் பயணம் செய்து வந்தவர் ஒரே நாளில் திரும்புவதில்லை. ஓகஸ்ட் முதல் வாரத்தில் கொடியேறியதும் வந்து, நவநாள் முழுவதும் மரத்தடியில் கூடாரம் அடித்துத் தங்கி, திருவிழா முடிந்தும் மாடு இளைப்பாற ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். வருகை பத்து நாட்களில் பரவியிருந்தது, திரும்புகையும் அப்படியே. இன்றும் அந்த வழக்கம் முற்றாக மறையவில்லை. பாத்திரம் பண்டம், பாய், தறப்பாள், அரிசி மூட்டையோடு லொறியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் வந்திறங்கி, மரத்துக்கு மரம் கயிறு கட்டி, மூன்று கல் அடுப்பு வைத்துவிடும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் வந்த வண்டி ஓரமாக ஒதுங்கிவிடும். நாலைந்து நாட்களுக்கு அதை யாரும் அசைப்பதில்லை. உண்மையில் மடுவின் போக்குவரத்தை இதுவரை காப்பாற்றி வந்திருப்பவர்கள் இந்தக் கூடாரக்காரர்கள்தான் என்று சொல்லலாம்.

யுத்த காலத்தில் இந்தப் பாதை ஏறத்தாழ மூடுண்டு கிடந்தது. ரயில் 1990இல் நின்றது. கோயில் வளவே அகதி முகாமாக இருந்தது. 1999 நவம்பரில் அங்கே விழுந்த ஷெல்லில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மாண்டார்கள். 2008 ஏப்ரலில் சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு, அந்த ஆண்டு ஓகஸ்டில் திரும்பி வந்தது. 2009இல் யுத்தம் முடிந்தபின் நடந்த திருவிழாக்களுக்கு, பல்லாண்டுகள் வர முடியாமல் இருந்தவர்கள் எல்லாம் திரண்டு வந்தார்கள். ஏ–14 வீதி செப்பனிடப்பட்டது. ரயில் 2013 மே மாதம் மடு றோட் வரையும், 2015 மார்ச்சில் தலைமன்னார் துறை வரையும் மீண்டும் ஓடியது. வீதி நன்றாக வந்ததோடு பயணத்தின் இயல்பும் மாறிவிட்டது. விடியப்புறம் வானில் புறப்பட்டு, காலைப் பூசை கண்டு, மாதாவைக் கும்பிட்டு, பின்னேரம் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் பெருகினார்கள். பத்து நாட்களில் பரவியிருந்த போக்குவரத்து ஓரிரு நாட்களுக்குள் ஒடுங்கியதும், மைதானத்து நெரிசல் மடுவுக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு கணக்கு இதை விளங்கவைக்கும். ஒரு காரை நிறுத்த ஏறத்தாழ இரண்டரை மீற்றர் அகலமும் ஐந்து மீற்றர் நீளமும் வேண்டும். கதவைத் திறக்கவும், வண்டி உள்ளே வந்து வெளியே போகவும் விடும் வழியையும் சேர்த்தால் 25 சதுர மீற்றர் ஆகும். ஒரு பஸ்ஸுக்கு, அது திரும்பும் இடத்தோடு, 100 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் இலட்சம் பேர் காருக்கு நால்வராக வந்தால் 25,000 கார்கள். அவற்றை நிறுத்த 150 ஏக்கருக்கும் மேல் நிலம் வேண்டும். அதே ஓர் இலட்சம் பேர் பஸ்ஸுக்கு ஐம்பது பேராக வந்தால் 2,000 பஸ்கள், 50 ஏக்கர் போதும். மோட்டார் சைக்கிள் இடையில் நிற்கிறது. இடம் குறைவாகப் பிடித்தாலும் இரண்டு பேரைத்தான் கொண்டுவரும். வீதியில் மற்ற வண்டிகளின் வேகத்தையும் குறைக்கும்.

நிலம் கிடைத்தாலும் வெளியேறும் வழி ஒன்றுதான். இரு திசைக்கும் ஒவ்வொரு தடம் மட்டுமே உள்ள வீதியில், முடிவில் ஒரு சந்தி இருக்கையில், மணிக்கு ஆயிரம் கார் அளவில் வெளியே போவதே நல்ல ஓட்டம். அந்தக் கணக்கில் 25,000 கார்கள் வெளியேற ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் போதாது. 2,000 பஸ்களை, ஒன்று இரண்டரைக் காருக்குச் சமம் என்று எடுத்தாலும், ஐந்து மணித்தியாலத்தில் வெளியே அனுப்பிவிடலாம். வண்டி விடும் இடம் போதாது என்றே எல்லோரும் முறையிடுகிறார்கள். மடுவில் முதலில் தீர்ந்துபோவது இடமல்ல, வீதி. இருக்கும் வீதியை அப்படியே வைத்துக்கொண்டு தரிப்பிடத்தை மட்டும் பெருப்பித்தால், இன்னும் கூடுதலான வண்டிகள் உள்ளே வந்து, வெளியே போக முடியாமல் நிற்கும். அவ்வளவுதான் நடக்கும்.

அமெரிக்காவின் பேஸ்போல் மைதானங்களில் இந்தப் பாடத்தின் இரண்டு பக்கங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1962இல் திறந்த டொட்ஜர் ஸ்டேடியத்தில் 56,000 பேர் உட்காரலாம். அதைச் சுற்றி ஏறத்தாழ 16,000 கார்களுக்குத் தரிப்பிடம் உண்டு. ஆகாயத்திலிருந்து பார்த்தால் மைதானத்தைவிடத் தார்த் தரையே பெரிதாகத் தெரியும். அப்படியிருந்தும் ஆட்டம் முடிந்தபின் வெளியேற நெடுநேரம் காத்திருப்பது அங்கே வாடிக்கை. சிக்காகோவின் ரிக்லி மைதானம் இன்னும் பழையது, 1914ஆம் ஆண்டினது. வீடுகளுக்கு நடுவே இருப்பதால் தரிப்பிடம் மிகக் குறைவு. பார்க்க வருகிறவர்களில் பெருந்தொகையானோர் பக்கத்து நிலையத்துக்கு ரயிலில் வந்து நடந்து போகிறார்கள். சென்னை சேப்பாக்கத்திலும் அண்மை ஆண்டுகளில் ஐ.பி.எல். ஆட்டங்களுக்கு, கையில் உள்ள ஆட்டச் சீட்டையே காட்டி மெட்ரோ ரயிலில் போய்வர வழி செய்தார்கள். வாலாஜா சாலையில் காரோடு அலைவதைவிட அரசினர் தோட்ட நிலையத்தில் இறங்கி நடப்பது ரசிகருக்கு லேசாகிவிட்டது.

மடுவுக்கு டொட்ஜர் மைதானத்து வழி பொருந்தாது. கோயிலைச் சூழ்ந்த காடு வெறும் பற்றைக் காடல்ல. மடு றோட் சரணாலயம் 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. யானைகள் நடமாடும் நிலம் அது. பாலையும் வீரையும் நிற்கும் அந்த நிழலில்தான் கூடாரங்கள் அமைகின்றன. ஓகஸ்ட் மாதம் வறட்சி உச்சத்தில் இருக்கும், சோளகக் காற்று வீசும். நிழல் இல்லாத வெட்டவெளியில் ஆயிரக்கணக்கான சில்லுகள் உருண்டால் புழுதி எழும்பிக் கண்ணையும் தொண்டையையும் அடைக்கும். மரங்களை வெட்டித் தரிப்பிடம் ஆக்கினால் வண்டிக்கு இடம் கிடைக்கும், அதில் வந்தவர்களுக்குத் தங்க நிழல் இருக்காது.

திருவிழாவுக்கு முன்னர் மன்னார் மாவட்டச் செயலகத்தில் அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டங்கள் நடக்கும். மறைமாவட்டக் குருக்கள், பொலிஸார், சுகாதாரத் துறையினர், நீர் வழங்கல் சபையினர், இலங்கைப் போக்குவரத்துச் சபையினர், தனியார் பஸ் சங்கத்தினர் கலந்து பேசுவார்கள். பவுசர் எத்தனை வேண்டும், மலசலகூடம் எங்கே, எந்தெந்த ஊரிலிருந்து விசேட பஸ் விடுவது என்பவற்றோடு வாகனத் தரிப்பிடமும் அங்கே தீர்மானமாகும். பஸ்ஸுக்கு ஓரிடம், காருக்கும் வானுக்கும் ஓரிடம், மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் ஓரிடம் என்று பிரிப்பது எல்லாப் பெருங்கூட்டத்திலும் முதல் வேலை. அளவில் வேறுபட்ட வண்டிகள் கலந்து நின்றால் இரண்டு மடங்கு இடம் வீணாகும். நடுவில் அகப்பட்ட ஒரு பஸ் அசைய முப்பது கார்களின் சாரதிகளைத் தேட வேண்டி வரும்.

தேடுவது என்பது மடுவில் லேசான காரியமல்ல. மைதானத்தில் ‘பி’ வாசல், ஏழாம் வரிசை என்று எழுதியிருக்கும். காட்டு வளவில் ஒரு மரம் இன்னொரு மரத்தைப் போலத்தான் இருக்கும். வெள்ளை வான்கள் நூறு நிற்கும், எல்லாவற்றின் மேலும் ஒரே செம்புழுதி. காலையில் வெயிலாக இருந்த பக்கம் மாலையில் நிழலாகிவிடும். அந்த அடையாளமும் போய்விடும். லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூப்பிட முயல்வதால் கைபேசி அழைப்பும் எளிதில் போகாது. பழகியவர்கள் கண்ணாடிக்கு மேலே ஒரு நிறத் துணியைக் கட்டிவிடுவார்கள். இறங்கும்போதே, பூசை முடிந்தபின் இன்ன இடத்தில் எல்லோரும் கூடுவது என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். மரங்களில் எண்ணும் எழுத்தும் தமிழ், சிங்களம் இரண்டிலும் பெரிதாக எழுதிய பலகைகளைத் தொங்கவிடுவதற்கு அதிகச் செலவில்லை. வயதானவர்கள் அரைமணி நேரம் வெயிலில் வண்டி தேடி அலைவதை அது தடுக்கும்.

மிக இறுக்கமான நேரம், 15ஆம் திகதி காலைத் திருப்பலி முடிந்து திருச்சொரூப பவனியும் ஆசீரும் நிறைவுறும் நேரம். அதற்கு முதல் நாள் மாலை வேஸ்பர் ஆராதனைக்கு வந்தவர்களும், இரவோடு இரவாக வந்தவர்களும், காலையில் வந்தவர்களும் ஒரே சமயத்தில் புறப்பட எழுகிறார்கள். ஆசீர் முடிந்து ஆரவாரம் அடங்குமுன்னரே தரிப்பிடத்தில் இயந்திரங்கள் உறுமத் தொடங்கும். கால்மணி நேரத்தில் வரிசை கோயில் வீதியில் ஏறி நின்றுவிடும். வரிசையைத் தாண்டிப் போகலாம் என்று எண்ணி எதிர்த்தடத்தில் ஒருவர் ஏறினால், அவரைப் பார்த்துப் பின்னால் பத்துப் பேர் ஏறுவார்கள். உள்ளே வரவேண்டிய வெற்றுப் பஸ்கள் அதனால் வர முடியாமற் போகும். பஸ்ஸுக்காக நிற்கும் ஆயிரம் பேர் மேலும் காத்திருப்பார்கள். அம்புலன்ஸும் அந்த எதிர்த்தடத்தால்தான் போக வேண்டும். வெயிலில் மயங்கிய ஒரு முதியவரை, பிரசவ வேதனை கண்ட ஒரு பெண்ணை வெளியே கொண்டுபோகும் வழி அது ஒன்றே. மற்ற எந்த ஒழுங்கு தளர்ந்தாலும், இந்த ஒரு தடத்தை வெறுமையாக வைத்திருப்பதில் தளர்ச்சி கூடாது.

இதற்கு மருந்து பெரும்பாலும் பயணிகளின் கையிலேயே உண்டு. பூசை முடிந்ததும் ஓடாமல், சமைத்துச் சாப்பிட்டு, மரத்தடியில் ஒரு தூக்கம் போட்டு, பின்னேரம் புறப்படுகிறவருக்கும் உடனே கிளம்பி வரிசையில் நிற்கிறவருக்கும் வீடு போய்ச் சேரும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. எரிபொருள் மட்டும் ஒருவருக்கு மிச்சம். ஆனால் பொழுது படுமுன் காட்டு வீதியைக் கடந்துவிடுவது நல்லது. இருட்டில் யானை வீதியில் நின்றால் கடைசி நேரம் வரை கண்ணுக்குத் தெரியாது. அதன் உடல் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதில்லை. பின்னேரத்திலும் போக முடியாதவர் அன்றிரவும் தங்கி, விடிந்தபின் புறப்படுவதே முறை.

ரயிலின் பங்கையும் சரியாக அளந்து பார்க்க வேண்டும். ஒரு ரயில் ஆயிரம் பேர் வரை கொண்டுவரும். இருபது பஸ்ஸுக்கு அல்லது 250 காருக்கு அது சமம். திருவிழாக் காலத்தில் விசேட ரயில்கள் விடப்படுவதுண்டு. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் வண்டிகள் நிலையங்களில் ஒன்றையொன்று விலகிப் போக வேண்டியிருப்பதால், நாளொன்றுக்கு ஓட்டக்கூடிய ரயில்களுக்கு எல்லை உண்டு. இலட்சம் பேரை அது சுமக்காது. ஆயினும் பத்தாயிரம் பேரை அதில் ஏற்றினால் 2,500 கார்கள் வீதிக்கு வராமல் இருக்கும். இடறுவது கடைசித் துண்டில்தான். மடு றோட் நிலையத்தில் இறங்கியவர் மூட்டை முடிச்சோடு கோயிலுக்குப் போக, தொடர்ந்து ஓடும் பஸ் வேண்டும். அந்தப் பஸ்ஸும் கார்களின் வரிசையிலேயே மாட்டிக்கொண்டால் ரயிலில் வந்த பயன் போய்விடும். சந்திக்குப் பக்கத்தில், காட்டுக்கு வெளியே வண்டிகளை நிறுத்திவிட்டு, அங்கிருந்து உள்ளே பஸ் மட்டும் விடுவது என்ற ஏற்பாடு ரயில்காரருக்கும் கார்க்காரருக்கும் ஒருங்கே உதவும். நோயாளரையும் நடக்க முடியாதவரையும் ஏற்றிய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் வந்தபோது, முதல் நாளே வந்து இரவு முழுவதும் காத்திருந்தவர்கள் ஏராளம். அவர் ஹெலிகொப்டரில் வந்திறங்கினார். அன்றைக்கு மக்கள் காட்டிய பொறுமையைப் பார்த்தவர்கள், சிறிது தூரம் பஸ்ஸில் போகச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்பதை அறிவார்கள்.

மன்னாரின் மற்றப் பெருங்கூட்டம் திருக்கேதீச்சரத்தில், மகா சிவராத்திரிக்கு. கணக்கு அங்கே தலைகீழ். பாலாவியில் நீராடித் தீர்த்தம் எடுத்து வந்து சிவலிங்கத்துக்கு வார்க்கும் அடியார்கள் பகலிலேயே வரத் தொடங்குவார்கள். நான்கு சாமப் பூசைக்கும் விழித்திருப்பதால் இரவில் வண்டிகள் அதிகம் அசைவதில்லை. ஆனால் நித்திரையில்லாத கண்களோடு எல்லோரும் விடியற்காலையில் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். நெரிசலைவிட இங்கே பெரிய ஆபத்து சாரதியின் தூக்கம். ஒரு வானில் வருகிறவர்கள் சாரதிக்கு மட்டும் இரவில் ஒரு மூலையில் பாய் போட்டுக் கொடுத்துவிட வேண்டும், பக்தி என்று சொல்லி அவரையும் விழிக்க வைக்கக் கூடாது. பெருவீதியும் கோயிலுக்குக் கிட்ட, தலைமன்னார்ப் பாதையில் ரயில் நிலையமும் உண்டு என்பதால் இடநெருக்கடி மடுவைப் போல் கடுமையாவதில்லை.

மன்னார்த் தீவுக்குள் இருப்பவருக்கு இன்னொரு வாசலும் உண்டு, கடலைக் கடக்கும் தாம்போதி. தள்ளாடிப் பக்கமிருந்து மன்னார்க் கோட்டையடி வரை ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். 1990இல் தகர்க்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக ஜப்பான் உதவியுடன் கட்டிய புதிய பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. வாகனம் தீவுக்கு வர வேறு வீதி கிடையாது. மாவட்டப் பொது வைத்தியசாலை தீவுக்குள் இருக்கிறது. பெருநிலத்தில் விபத்துக்குள்ளானவரை அங்கே கொண்டுபோக இந்தத் தாம்போதியில் ஏறியே ஆக வேண்டும். திருவிழா முடிந்து பேசாலை, தலைமன்னார், தாழ்வுபாடு என்று வீடு திரும்பும் வண்டிகள் மாலையில் அதில் நிரம்பும்போது, சில்லு வெடித்த ஒரு லொறி நடுவில் நின்றால் இரு பக்கமும் கடல், ஒதுக்க இடம் குறைவு. திருவிழா நாட்களில், இழுத்துச் செல்லும் கயிறோடு ஓர் உழவு இயந்திரத்தைத் தள்ளாடியில் ஆயத்தமாக நிறுத்திவைப்பது எளிய ஏற்பாடு. தாம்போதி தாண்டி நகருக்குள் வந்தபின்னும் வேகம் கூட்ட முடியாது. மன்னாரின் கழுதைகள் இரவில் சூடு ஆறாத தார் வீதியில் வந்து நிற்கும். ஒலிப்பானுக்கு அவை அசைவதில்லை. சாரதி விளக்கைத் தாழ்த்தி, அவை நகரும் வரை நிற்க வேண்டியதுதான்.